சர்வர் திணறும் நொடியை அதுவே பதிவு செய்யட்டும்: நோட் ஜேஎஸ் ப்ரொஃபைலிங் செய்முறை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடைகள் பயன்படுத்தும் பில் மென்பொருள் ஒன்றை நான் பராமரிக்கிறேன். சர்வர் பக்கம் நோட் ஜேஎஸ், அதாவது ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள். பகலெல்லாம் நன்றாக ஓடும். சாயங்காலம் எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் கணக்கு முடிக்க உட்காரும்போதுதான் திரை நின்றுவிடும். "தம்பி, கொலுசை எடை போட்டு வெச்சுட்டு உக்காந்திருக்கோம், இன்னும் சுத்திக்கிட்டே இருக்குது" என்று போன் வரும். லேப்டாப்பைத் திறந்து சர்வருக்குள் நுழைவதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது இருந்தால் சிக்னலும் கிடைக்காது.

ஆகவே பிரச்சினை வரும்போது நாம் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி, அப்ளிகேஷனே தன்னைப் பதிவு செய்துகொள்ளும் வழியைச் சொல்கிறேன். எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பதிவு செய்வதுதான் ப்ரொஃபைலிங். நோட் 20 அல்லது அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அசிங்க், அவெய்ட் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன், எடிட்டரில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: செஷன் திறப்பது

நோடிலேயே 'இன்ஸ்பெக்டர்' என்ற மாட்யூல் இருக்கிறது, தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அதன் ப்ராமிஸஸ் வடிவத்தை இம்போர்ட் செய்து, புதிய செஷன் (இன்ஸ்பெக்டரோடு பேசும் இணைப்பு) ஒன்றை உருவாக்கி, 'கனெக்ட்' அழையுங்கள். இது ப்ராசஸுக்கு உள்ளேயே நடப்பதால் வெளியிலிருந்து நுழைய எந்த போர்ட்டும் (நெட்வொர்க் வாசல்) திறக்காது. லைவ் சர்வரில் இந்த வழியை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

படி 2: ஒரு சின்னப் பதிவு

செஷனின் 'போஸ்ட்' மூலம் வரிசையாக அனுப்புங்கள்: முதலில் 'ப்ரொஃபைலர்.எனேபிள்', பிறகு 'ப்ரொஃபைலர்.செட்சாம்ப்ளிங்இன்டர்வல்', அடுத்து 'ப்ரொஃபைலர்.ஸ்டார்ட்'. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்று பார்ப்பது என்பதுதான் இன்டர்வல், மைக்ரோ நொடிக் கணக்கு. லைவ் சர்வருக்கு நான் 5,000 வைக்கிறேன், சுமை குறைகிறது. இதை ஸ்டார்ட்டுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், ஓடத் தொடங்கிய பிறகு மாற்ற முடியாது. 'ப்ரொஃபைலர்.ஸ்டாப்' திருப்பித் தரும் ப்ரொஃபைலை ஜேசன் ஆக்கி, 'சிபியூப்ரொஃபைல்' என்ற எக்ஸ்டென்ஷனோடு சேமியுங்கள். விஎஸ் கோட் அந்த எக்ஸ்டென்ஷனைப் பார்த்துத்தான் ஃபைலை அடையாளம் காணும்.

படி 3: எப்போது பதிவு செய்வது?

என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது இந்தப் படிதான்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது: நொடிக்கு ஒருமுறை ஒரு டைமர் ஓடட்டும், ஈவென்ட் லூப் (வேலைகளை வரிசையாக எடுத்து ஓட்டும் நோடின் சுழற்சி) தாமதமானால் ப்ரொஃபைலரைத் தொடங்கட்டும். இது வேலைக்கு ஆகாது. உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் முழுவதும் ஒரே த்ரெட்டில் ஓடுகிறது, அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கும். ஒரு ஃபங்ஷன் மூன்று நொடி அதைப் பிடித்துக்கொண்டால், அந்த மூன்று நொடியும் டைமரும் வரிசையில்தான் நிற்கும். ஃபங்ஷன் முடிந்த பிறகே டைமருக்கு முறை வரும். அப்போது ப்ரொஃபைலரைத் தொடங்கினால் பதிவாவது அமைதியான நேரம். திருடன் போன பிறகு கேமராவைப் போடுவது மாதிரி.

தீர்வு: ப்ரொஃபைலர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கட்டும், சின்னச் சின்னத் துண்டுகளாக. ஸ்டார்ட் செய்து, 10 நொடி காத்திருந்து, ஸ்டாப் செய்யுங்கள். அந்தத் துண்டில் லூப் தாமதமாகியிருந்தால் டிஸ்க்கில் எழுதுங்கள், இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள். மறுபடி ஸ்டார்ட். காத்திருக்கும் நேரத்துக்குள் த்ரெட் அடைபட்டால் ஸ்டாப்பும் தள்ளிப்போகும், அதனால் அடைப்பு முழுக்க அந்தத் துண்டுக்குள்ளேயே விழுந்துவிடும்.

தாமதத்தை அளக்க 'பெர்ஃப் ஹுக்ஸ்' மாட்யூலில் உள்ள 'மானிட்டர்ஈவென்ட்லூப்டிலே' போதும். எனேபிள் செய்துவிட்டு, துண்டு முடியும்போது அதன் 'மேக்ஸ்' மதிப்பைப் பாருங்கள். அது நானோ நொடி! 200 மில்லி நொடிக்கு மேல் பிடிக்க வேண்டுமென்றால் 20,00,00,000 உடன் ஒப்பிட வேண்டும். பார்த்து முடித்ததும் 'ரீசெட்' செய்யுங்கள், மறந்தால் ஒருமுறை ஏறிய மேக்ஸ் இறங்கவே இறங்காது, எல்லாத் துண்டும் டிஸ்க்குக்குப் போகும்.

இந்தச் சுழற்சிக்கு செட்இன்டர்வல் வேண்டாம். ஃபைல் எழுதி முடிவதற்குள் அடுத்த சுற்று தொடங்கினால் ஸ்டார்ட்டும் ஸ்டாப்பும் குழம்பும். ஒரு வைல் லூப், அதற்குள் அவெய்ட், அதுவே சுத்தம். கடைசி 20 ஃபைல்களை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழிக்கவும் நாலு வரி சேருங்கள்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: டேட்டாபேஸ் மெதுவாகப் பதில் சொன்னால் இந்த வலையில் சிக்காது. அப்போது த்ரெட் சும்மாதான் இருக்கும், லூப் தாமதமாகாது. கடைக்காரர் புலம்புகிறார், ஃபைல் எதுவும் விழவில்லை என்றால் குவெரிகளைப் பாருங்கள்.

படி 4: படிப்பது

விழுந்த ஃபைலை விஎஸ் கோடில் திறக்கலாம், குரோம் டெவ்டூல்ஸின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலும் ஏற்றலாம். எனக்குப் பிடித்தது ஸ்பீட்ஸ்கோப், ப்ரொஃபைலைப் படமாகக் காட்டும் இணையதளம். நீங்கள் ஏற்றும் ஃபைல் உங்கள் பிரவுசரை விட்டு வெளியே போகாது, 'லெஃப்ட் ஹெவி' காட்சியில் நேரத்தைத் தின்றது யாரென்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். டோட்டல் நேரத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அதில் ஒரு ஃபங்ஷன் அழைத்த மற்றவற்றின் நேரமும் சேரும், அதனால் மேலே இருந்து கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் ரவுட்டருக்கு அது எப்போதுமே அதிகம்தான். செல்ஃப் நேரம், அதாவது தானே எடுத்துக்கொண்ட நேரம், அதிகமாக இருக்கும் ஃபங்ஷனைத் தேடுங்கள். பெயரில்லா ஃபங்ஷன்கள் எல்லாம் 'அனானிமஸ்' என்றே வரும், அதனால் பெயர் வைத்துப் பழகுங்கள்.

எங்கள் பில்லில் சிக்கியது கூலி, சேதாரம் கணக்கிடும் ஃபங்ஷன். ஒவ்வொரு பில் வரிக்கும் முழு ஸ்டாக் அர்ரேயையும் 'ஃபைண்ட்' போட்டுத் தேடிக்கொண்டிருந்தது. ஐட்டம் எண்ணைச் சாவியாக வைத்து ஒரு மேப் கட்டினோம், சாயங்கால போன் நின்றது.

மெமரி ஏறிக்கொண்டே போனால்

ஹீப்பில் (அப்ளிகேஷன் தன் டேட்டாவை வைக்கும் மெமரி) என்னென்ன இருக்கிறது என்று ஃபைலில் எழுத, 'வி8' மாட்யூலின் 'ரைட்ஹீப்ஸ்னாப்ஷாட்' ஒரே அழைப்பில் முடிந்துவிடும். ஆனால் எழுதி முடியும்வரை த்ரெட் நிற்கும், மெமரியும் ஹீப்பைப் போல் இரண்டு மடங்கு வரை கேட்கும். கடை நேரத்தில் வேண்டாம். அந்த ஃபைலுக்குள் வாடிக்கையாளர் போன் நம்பர், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எல்லாம் அப்படியே எழுத்தாக இருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு உதவி கேட்காதீர்கள்.

குறிப்பிட்ட வரியில் ஓட்டத்தை நிறுத்திப் பார்க்கும் பிரேக்பாயிண்ட் போட்டே ஆக வேண்டுமென்றால் 'இன்ஸ்பெக்டர்.ஓப்பன்' உண்டு. வழக்கமாக 127.0.0.1 முகவரியில் 9229 போர்ட். எஸ்எஸ்எச் டனல் (சர்வருக்குப் போகும் மறையாக்கப்பட்ட இணைப்பு) வழியாக மட்டும் சேருங்கள். எல்லா நெட்வொர்க்குக்கும் திறந்துவிடும் 0.0.0.0 கொடுத்தால் அந்த போர்ட்டை எட்டுகிற யாரும் உங்கள் சர்வரில் தங்கள் குறியீட்டை ஓட்ட முடியும்.

பின்சேர்க்கை

இதைப் போட்டுப் பார்த்தவர்கள் இரண்டு சிக்கல் சொன்னார்கள். அப்ளிகேஷனை கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்களுக்கு, பழைய கன்டெய்னரை நீக்கிப் புதிதாக ஏற்றும்போது ஃபைல்களும் சேர்ந்தே போய்விட்டன. வால்யூம் மவுண்ட் செய்த, அதாவது கன்டெய்னருக்கு வெளியே சேமிக்கப்படும், ஃபோல்டருக்குள் எழுதுங்கள். ஒரே அப்ளிகேஷனைப் பல நகல்களாக ஓட்டும் பிஎம்2 கிளஸ்டரில் ஒவ்வொரு ஒர்க்கரும் (நகலும்) தனி ப்ராசஸ், ஒரே பெயரில் எழுதினால் ஒன்றின் மேல் ஒன்று விழும். ஃபைல் பெயரில் நேரத்தோடு ப்ராசஸ் ஐடியையும் சேர்த்துவிடுங்கள்.