அவமதிப்பு மனுவுக்கு அரசுத் தலைமை வழக்கறிஞரின் ஒப்புதலைக் கேட்பது எப்படி?

மாநில அரசின் தலைமை வழக்கறிஞரை நீதிமன்ற வளாகத்தில் ‘ஏ.ஜி.’ (அட்வகேட் ஜெனரல்) என்றே சொல்வார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 165-ஆம் பிரிவின்படி ஆளுநரால் நியமிக்கப்படும் அவருக்கு அரசுக்காக வாதாடுவதே அன்றாடப் பணி என்றாலும், 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் அவரிடம் வேறொரு பொறுப்பையும் ஒப்படைத்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தைக் களங்கப்படுத்தியதாக ஒருவர்மீது குற்றவியல் அவமதிப்பு மனு போட விரும்பும் தனிநபர், அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, முதலில் ஏ.ஜி.யின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற வேண்டும். உச்ச நீதிமன்றம் தொடர்பான அவமதிப்பு என்றால் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலிடமோ, அவருக்கு அடுத்த நிலையிலுள்ள சொலிசிட்டர் ஜெனரலிடமோ கேட்க வேண்டும்.

ஒப்புதல் உங்களுக்குத் தேவைதானா என்பதை முதலில் பாருங்கள். பட்டா வழங்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டும் வட்டாட்சியர் வேண்டுமென்றே வழங்கவில்லை என்றால் அது உரிமையியல் அவமதிப்பு, அதற்கு ஏ.ஜி.யிடம் போக வேண்டியதில்லை, நேரடியாக மனு தாக்கல் செய்யலாம். இந்த வேறுபாடு தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பது வீண்.

விண்ணப்பத்தின் உயிர், சொன்ன சொற்களை அப்படியே எடுத்துக்காட்டுவதில் இருக்கிறது. “நீதிபதிகளை இழிவாகப் பேசினார்” என்று எழுதினால் போதாது. எந்த நாளில், எந்தக் கூட்டத்தில், காணொளியின் எத்தனையாவது நிமிடத்தில் அந்த வாக்கியம் வருகிறது என்பதைக் குறிப்பிட்டு, பேச்சின் எழுத்து வடிவத்தையும், பதிவு நீக்கப்பட்டுவிடக்கூடும் என்பதால் அதன் நகலையும் இணைக்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களை வெட்டிவிடாதீர்கள். தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பாகாது என்று 5-ஆம் பிரிவே சொல்வதால், முழுப் பேச்சையும் படித்த பிறகுதான் ஏ.ஜி.யால் முடிவெடுக்க முடியும். பேசியவரின் கட்சி, கடந்த கால வழக்குகள் ஆகியவற்றை அடுக்குவது உங்கள் மனுவுக்கு அரசியல் வாடை சேர்க்குமே தவிர, வலு சேர்க்காது என்பது என் கருத்து.

சம்பவம் நடந்த நாளிலிருந்து ஓராண்டு கடந்துவிட்டால் 20-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஆனால் ஏ.ஜி. இத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று 15-ஆம் பிரிவில் எதுவும் இல்லை. ஆகவே காலதாமதம் செய்யாமல், பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

அவர் மறுத்துவிட்டால், தகவலைத் தலைமை நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். தானாக முன்வந்து நடவடிக்கை எடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2020-இல் வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணின் ட்விட்டர் பதிவுகள்மீது ஒப்புதல் இல்லாமலே ஒரு மனு வந்தபோது, உச்ச நீதிமன்றம் அதைத் தானாக எடுத்த வழக்காக மாற்றிக்கொண்டது. தண்டனை வேண்டாம் என்று அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் கேட்டுக்கொண்ட அந்த வழக்கு, 1 ரூபாய் அபராதத்தில் முடிந்தது.