புத்தக அலமாரி: சுவரை அளக்கும் முன் புத்தகங்களை அளந்துவிடுங்கள்

புத்தக அலமாரி வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு அளவைத்தான் குறித்துக்கொண்டு போகிறார்கள்: சுவரில் காலியாக இருக்கும் இடத்தின் நீளமும் உயரமும். அலமாரி அந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். புத்தகங்கள்தான் அதில் உட்காராது. அகராதி நிமிர்ந்து நிற்க இடமிருக்காது, சின்ன நாவல்களுக்கு மேலே ஒரு சாண் காற்று வீணாகக் கிடக்கும். முதல் தவறு இதுதான், பிற்பாடு வரும் பல தவறுகளுக்கும் இதுவே வேர்.

அதனால் முதலில் டேப்பை எடுத்துப் புத்தகங்களை அளந்துவிடுங்கள். கிரவுன் அளவுப் புத்தகம் ஏறக்குறைய 18 செ.மீ. உயரம் இருக்கும், டெமி அளவு 21.5 செ.மீ. அட்லஸ், ஓவியப் புத்தகம் போன்றவை 30 செ.மீ.யைத் தாண்டும். உங்களிடம் எது அதிகம் என்று தெரிந்தால் தட்டுகளுக்கு இடையே எவ்வளவு உயரம் விட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். இன்னும் தீர்மானமில்லை என்றால், பக்கப் பலகையில் வரிசையாகத் துளைகள் போட்டு, தட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளும் வகையையே தேர்ந்தெடுங்கள்.

ஆழத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 40 செ.மீ. ஆழமுள்ள அலமாரியைப் பார்த்தால் நிறைய கொள்ளும் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான புத்தகங்களுக்கு 25 செ.மீ. போதும், பெரிய அளவுப் புத்தகங்களுக்கு 30. அதற்கு மேல் ஆழம் இருந்தால் பின்னால் இன்னொரு வரிசை வைக்கத்தான் கை போகும். பின்வரிசைக்குப் போன புத்தகம் கண்ணில் படாது. கண்ணில் படாததை யாரும் எடுத்துப் படிப்பதில்லை. வீட்டில் இருக்கும் புத்தகத்தையே மறுபடி வாங்கி வருவதும் இப்படித்தான் நடக்கிறது.

அடுத்தது எடை. புத்தகம் என்பது நெருக்கி அடுக்கிய காகிதம், மரத்துக்குக் குறையாத பாரம். ஒரு மீட்டர் வரிசைக்கு 25 முதல் 35 கிலோ வரை சாதாரணமாக வரும், பளபளப்பான தாளில் அச்சான பெரிய புத்தகங்கள் என்றால் இன்னும் கூடும். நம்பிக்கை வரவில்லையென்றால், ஒரு அடி நீளத்துக்கு உங்கள் புத்தகங்களை அடுக்கி, உடல் எடை பார்க்கும் மெஷினில் வைத்துப் பாருங்கள்.

நான் முதலில் வாங்கிய அலமாரியின் தட்டுகள் 4 அடி நீளம், 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. நடுவில் தாங்கல் எதுவும் இல்லாமல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வருடத்துக்குள் நடுப்பகுதி ஒரு விரல் தடிமனுக்குத் தொங்கிவிட்டது. தட்டுகளைத் திருப்பிப் போட்டேன். சில மாதங்களில் அந்தப் பக்கமும் தொங்கியது. பலகையின் தரம் மோசம் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் பிழை நீளத்தில் இருந்தது. ஒரே மாதிரி புத்தகம் நிரப்பிய தட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், தொய்வு இரண்டு மடங்காக அல்ல, 16 மடங்காகக் கூடும். 2 அடியில் கண்ணுக்கே தெரியாத வளைவு, 4 அடியில் கிண்ணம்போல் ஆகிவிடும். அதிலும் பார்ட்டிகிள் போர்டு, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை இரண்டும் பாரம் மாறாவிட்டாலும் நாளாக ஆக மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். வாங்கிய மாதம் நேராக இருக்கிறதே என்று நிம்மதி அடைய முடியாது.

கைக்கணக்காகச் சொன்னால், 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு தட்டு 2 அடியைத் தாண்ட வேண்டாம், அதே தடிமன் பிளைவுட் என்றால் இரண்டரை அடி. நீளம் கட்டாயம் வேண்டும் என்றால் நடுவில் ஒரு செங்குத்துப் பலகை வையுங்கள். தடிமனைக் கூட்டுவதும் நன்றாகவே உதவும்: 18 மி.மீ.க்குப் பதில் 25 மி.மீ. போட்டால் தொய்வு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஏற்கனவே இருக்கும் தட்டு வளையத் தொடங்கியிருக்கிறதா? முன்விளிம்பின் அடியில் ஒன்றரை அங்குல மர ரீப்பரை நிற்க வைத்து ஒட்டி, திருகாணி போட்டுவிடுங்கள். இந்தச் சின்ன வேலை தரும் பலம் ஆச்சரியமாக இருக்கும்.

அலமாரி தரையில் நிற்கிறது, சுவரில் எதற்கு மாட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டித்தான் ஆக வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. குறுகிய ஆழமும் அதிக உயரமும் உள்ள எதுவும் முன்பக்கம் சாய்வது சுலபம். குழந்தைகளுக்குத் தட்டுகள் ஏணிப்படிகள்தான், மேல்தட்டில் இருக்கும் பொம்மைக்காக ஏறிவிடுவார்கள். அலமாரியின் உச்சியில் எல் ஆங்கிள் எனப்படும் 'L' வடிவ உலோகத் தாங்கிகள் இரண்டு போட்டுச் சுவரோடு பிணைக்கப் பத்து நிமிடம் போதும்.

துளையிடும்போது வரும் தூளைக் கவனியுங்கள். பூச்சு மட்டும் பொடிந்து வந்தால், திருகாணியைப் பிடித்துக்கொள்ளத் துளையில் செருகும் பிளக் நிற்காது. பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ இறங்க வேண்டும். ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் உள்ளே இருக்கும் சட்டத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, அதில்தான் திருகாணி ஏற வேண்டும். ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள், வயர் அந்த வழியாகத்தான் போகும். கால் இல்லாமல் சுவரிலேயே தொங்கும் தட்டு நான்கைந்து புத்தகங்களுக்கு அழகு. அது முழு நூலகத்தைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

படுக்க வைத்து இணைத்து நிமிர்த்தும் அலமாரியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 240 செ.மீ. உயரமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரியின் மூலைவிட்டம் கிட்டத்தட்ட 242 செ.மீ. கூரை 241 செ.மீ. என்றால் நிமிர்த்தும்போது இடிக்கும். நிமிர்த்தியதும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தரை சரிவாக இருந்தால் காலுக்கடியில் சின்ன ஆப்பு கொடுங்கள்.

இடம் தேர்வதில் இரண்டு எதிரிகள், வெயிலும் ஈரமும். நேர் வெயில் படும் ஜன்னலுக்கு எதிரே வைத்தால் புத்தக முதுகுகள் வெளுத்துப்போகும், மலிவான தாள் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். குளியலறையை ஒட்டிய சுவரும், மழை அடிக்கும் வெளிச்சுவரும் அதைவிட மோசம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும், பசையைத் தேடி இராமபாணப் பூச்சியும் வரும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே ஓர் அங்குலம் காற்றோட்டம் விடுங்கள். எல் ஆங்கிள் போட இந்த இடைவெளி தடையாக இருக்காது. அடித்தட்டு தரையைத் தொடாமல் 4 அங்குலம் மேலே இருந்தால் தரை துடைக்கும் தண்ணீர் தொடாது, கரையான் ஏறினாலும் கண்ணில் படும். கண்ணாடிக் கதவு தூசியைத் தடுக்கும், ஆனால் அவ்வப்போது திறந்து வைக்க வேண்டும். நாப்தலீன் உருண்டை எனக்கு உடன்பாடில்லை. அதன் ஆவி மனிதர்களுக்கும் நல்லதல்ல, கைக்குழந்தை உள்ள வீட்டில் கூடவே கூடாது.

சரி, அடுக்குவதற்கு வருவோம். கனமானவை அடித்தட்டில், அடிக்கடி எடுப்பவை கண் மட்டத்தில். முதுகை உள்ளே திருப்பி வெள்ளை விளிம்பு வெளியே தெரிய வைக்கும் பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெயர் தெரியாத புத்தகத்தை யார் தேடி எடுப்பார்கள்? நிறவாரியாக அடுக்குவதில் குற்றமில்லை, உங்களுக்கு அட்டையின் நிறம் நினைவில் நிற்கும் என்றால். பூந்தொட்டியைப் புத்தகத் தட்டில் வைத்தால் ஒரு நாள் தண்ணீர் கசியத்தான் செய்யும். புத்தகங்களுக்கு முன்னால் சிலைகளும் போட்டோ சட்டங்களும் நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் அவற்றை நகர்த்த வேண்டும், கடைசியில் கை அந்தப் பக்கமே போகாது.

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்கிறது. வீட்டு அலமாரிக்கும் அது பொருந்தும். இன்றைய புத்தகங்களுக்குச் சரியாக அளவெடுத்தால் அடுத்த வருடம் தரையில்தான் அடுக்குவீர்கள். மேலும், விரல் நுழையாதபடி நெருக்கி அடைத்த வரிசையிலிருந்து புத்தகம் எடுப்பவர்கள் முதுகின் மேல்முனையில் விரலைக் கொக்கிபோல் மாட்டி இழுப்பார்கள், முதலில் கிழிவது அந்த இடம்தான். ரொம்பத் தளர்வாக விட்டாலும் புத்தகங்கள் சாய்ந்து கட்டு கோணும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கையகலம் காலியாக விட்டு, கடைசிப் புத்தகத்துக்கு ஒரு தாங்கி கொடுங்கள். எடுக்கும்போது இருபக்கப் புத்தகங்களையும் லேசாக உள்ளே தள்ளி, நடுமுதுகைப் பிடித்து இழுங்கள்.