மொட்டைமாடியில் மணத்தக்காளி: விதை முதல் வத்தல் வரை

பெங்களூர் அல்சூரில் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடியில், கறிவேப்பிலைத் தொட்டிக்குள் தானாக ஒரு செடி முளைத்தது. களை என்று பிடுங்கப் போனேன். கீழ்வீட்டு அஜ்ஜிதான் (கன்னடப் பாட்டி) தடுத்தார்: "அது கணிகே சொப்பும்மா, பிடுங்காதே." கன்னடத்தில் கணிகே, கோவை, சேலம் பக்கம் சுக்குட்டிக் கீரை, நமக்கு மணத்தக்காளி. கொண்டைக்குருவி தின்றுவிட்டு வந்து போட்ட விதையாக இருக்கும். கீரை, பழம், வத்தல் மூன்றையும் தருவதால், புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் செடியைத்தான்.

அடையாளம்

பூ சின்னதாக, வெள்ளையாக, ஐந்து இதழோடு, நடுவில் மஞ்சளாக இருக்கும். காய் மிளகு அளவில் கொத்தாகத் தொங்கும். பச்சையாக இருந்து பழுத்ததும் கருநீலமாகும். ஊமத்தையும் இதே குடும்பம்தான், ஆனால் நஞ்சு. அதனால் தானாக முளைத்த செடியில் பூவும் காயும் பார்க்கும்வரை ஒரு இலைகூடக் கிள்ள வேண்டாம். சாக்கடை ஓரத்திலும் சாலையோரத்திலும் வளர்வதைச் சமைக்காதீர்கள். செடி இதுதான் என்று உறுதியானால் பழத்தை மட்டும் விதைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

விதைப்பு

நன்றாகக் கறுத்த பழம் ஐந்தாறு போதும். ஒரு கிண்ணம் தண்ணீரில் பிசைந்தால் தோல் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். வடிகட்டி, காகிதத்தில் பரப்பி நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள். செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு கலந்து, மேலாகத் தூவி, மெல்லிசாக மண் மூடினால் சரி. ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். டிசம்பர், ஜனவரி குளிரில் இன்னும் தாமதமாகும்.

பெங்களூரில் எந்த மாதமும் விதைக்கலாம். ஆனால் செப்டம்பர், அக்டோபர் மழையில் நாற்றைத் திறந்த வெளியில் விடாதீர்கள். போன வருஷம் என் நாற்று முழுக்க அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. நாலைந்து இலை வந்ததும் ஓரடி அகலத் தொட்டிக்கு ஒன்று என்று மாற்றி நடுங்கள். தக்காளியோ கத்திரியோ வளர்ந்த பழைய மண் வேண்டாம். ஒரே குடும்பம், நோயும் ஒன்றுதான்.

இலை சல்லடையாக அரிக்கப்பட்டிருந்தால் அடிப்பக்கம் பாருங்கள். புள்ளி வண்டின் மஞ்சள் புழு இருக்கும். கையால் எடுத்துப் போடுவதே நல்ல வழி. மீறினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்பு நீர் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

கீரை: தேங்காய்ப்பால் சாறு

செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளக் கிள்ளப் பக்கக்கிளை வரும்.

இரண்டு கை இலை, பத்து சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, இரண்டு காய்ந்த மிளகாய், அரை ஸ்பூன் சீரகம். எண்ணெயில் மிளகாயும் சீரகமும் தாளித்து, வெங்காயம், பூண்டு வதக்கி, இரண்டு டம்ளர் அரிசி களைந்த தண்ணீர் (இரண்டாவது கழுவல்) ஊற்றுங்கள். கொதித்ததும் கீரையைப் போட்டு, மூடாமல் வேகவிடுங்கள். பச்சை நிறம் மாறாது. வெந்ததும் உப்பு, அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். பால் கொதித்தால் திரிந்துபோகும். இலேசான கசப்பு இருக்கத்தான் செய்யும், அதுதான் இதன் ருசி. வாய்ப்புண் வந்தால் எங்கள் வீட்டில் இந்தச் சாறுதான்.

பழமும் வத்தலும்

கறுத்த பழத்தை அப்படியே வாயில் போடலாம். பச்சைக் காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது. சோலனைன் என்ற நச்சுப்பொருள் அதில் அதிகம். குழந்தைகளிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

வத்தலுக்கு முற்றிய காயைக் காம்பு நீக்கி, இலேசாகத் தட்டி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி ஊறவிடுங்கள். பகலில் காயை மட்டும் வெயிலில் காயவைத்து, மாலையில் திரும்ப அதே மோரில். மூன்று நாளில் மோர் வற்றிவிடும். அப்புறம் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவையுங்கள். பெங்களூரில் இதற்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான வெயில்தான் சரி. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

நல்லெண்ணெயில் பொரித்து வத்தக்குழம்பில் போடுங்கள். கொத்துக்கு ஒன்றிரண்டு பழத்தைச் செடியிலேயே விட்டுவைக்கிறேன், கொண்டைக்குருவிக்கு.