பழைய மாடலின் வேரியண்ட் பட்டியல் சுருங்கும்போது: முதன்முறையாகக் கார் வாங்குவோருக்கான செய்முறை விளக்கம்

கார் வாங்கப் போகும் பலர் விலைப்பட்டியலில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். சென்ற ஆண்டு இருந்து இந்த ஆண்டு காணாமல் போனது எது என்பதையும் பார்க்கப் பழகிவிட்டால், அந்த மாடல் இன்னும் எத்தனை காலம் விற்பனையில் இருக்கும், பேரம் பேச எவ்வளவு இடம் இருக்கிறது, அதை இப்போது வாங்கலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும். ஒரு மாடலுக்கு வயதாகி அதன் இடத்துக்குப் புதிய தலைமுறை தயாராகும்போது, நிறுவனங்கள் அதன் வேரியண்ட்கள் (ஒரே காரின், வசதிக்கேற்ப விலை மாறும் வகைகள்), எஞ்சின்கள், வண்ணங்கள், வசதிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்குகின்றன. இந்தக் குறைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பொருள்கொள்வது, அதன் அடிப்படையில் எப்படி முடிவெடுப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், நிறுவனங்கள் இதை ஏன் செய்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காருக்கு மூன்று எஞ்சின்-கியர்பாக்ஸ் சேர்க்கைகள், ஐந்து வேரியண்ட்கள், ஏழு வண்ணங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் பெருக்கினால் 105 வகைக் கார்களைத் திட்டமிட்டு, அவற்றுக்கான உதிரிபாகங்களை வாங்கி, இருப்பில் வைக்க வேண்டும். அதையே ஒரு எஞ்சின், இரண்டு வேரியண்ட், ஐந்து வண்ணம் என்று சுருக்கினால் பத்தே வகைகள்தான். விற்பனை குறைந்துவரும் காருக்கு, மாதம் சில நூறு பேர் மட்டுமே கேட்கும் சன்ரூஃப் கண்ணாடியையும் தனி நிற இருக்கை உறையையும் தொடர்ந்து தயாரிக்கச் சொல்வது, பாகம் வழங்கும் நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. தொழிற்சாலையில் புதிய மாடலுக்கான இடமும் ஆட்களும் தேவைப்படும் நேரமும் அதுவாகவே இருக்கும்.

படி 1: மாடலின் வயதைக் கணக்கிடுங்கள்

நீங்கள் விரும்பும் கார் எந்த மாதம் எந்த ஆண்டு அறிமுகமானது, அதன் ஃபேஸ்லிஃப்ட் (தலைமுறை மாறாமல் செய்யப்படும் திருத்தம்) எப்போது வந்தது என்ற இரண்டு தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தியச் சந்தையில் ஒரு தலைமுறை பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஓடுகிறது. நடுவில் ஒருமுறை முகப்பும் உள்பகுதியும் திருத்தப்படும். ஹோண்டா சிட்டியின் நான்காம் தலைமுறை 2014 ஜனவரியில் வந்தது, 2017-இல் திருத்தப்பட்டது, 2020 ஜூலையில் ஐந்தாம் தலைமுறை வந்தது. மாருதி ஸ்விஃப்ட்டின் மூன்றாம் தலைமுறை 2018-இல் வந்து, 2021-இல் திருத்தம் பெற்று, 2024 மே மாதம் அடுத்த தலைமுறைக்கு இடம் கொடுத்தது. ஃபேஸ்லிஃப்ட் வந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்ட காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அடுத்த படியைக் கவனமாகச் செய்யுங்கள்.

படி 2: இரண்டு கையேடுகளை அருகருகே வையுங்கள்

இந்த விளக்கத்திலேயே அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். நிறுவனத்தின் தற்போதைய விற்பனைக் கையேட்டைப் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். அதே காரின் ஓராண்டு அல்லது ஈராண்டு பழைய கையேட்டையும் தேடி எடுங்கள். அந்தக் காரை முன்பே வாங்கிய நண்பர் யாரிடமாவது நிச்சயம் ஒன்று இருக்கும். இரண்டிலும் கடைசிப் பக்கங்களில் வரும் வசதிப் பட்டியலை வரிவரியாக ஒப்பிட்டு, மறைந்தவற்றைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

மறைவது மூன்று விதமாக நடக்கும். முழு வேரியண்டே பட்டியலிலிருந்து போவது முதல் விதம். எஞ்சினோ கியர்பாக்ஸோ போவது இரண்டாவது. வேரியண்டின் பெயர் அப்படியே இருக்க, அதற்குள் இருந்த ஒரு வசதி மட்டும் போவது மூன்றாவது. முதல் இரண்டும் யார் கண்ணிலும் பட்டுவிடும். மூன்றாவதுதான் வாங்குபவரை ஏமாற்றத்தில் தள்ளுகிறது, ஏனென்றால் ஈராண்டுக்கு முன் அதே வேரியண்டை வாங்கிய உறவினரின் காரில் பார்த்த வசதி நம் காரிலும் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

என் மைத்துனருடன் ஒரு விற்பனையகத்துக்குப் போயிருந்தபோது, விற்பனையாளர் எங்களிடம் நீட்டிய கையேட்டில் இரண்டு வரிகள் நீலப் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன. ஒன்று பின் இருக்கையின் நடுக் கைதாங்கி, மற்றொன்று பின்பக்கக் கண்ணாடித் துடைப்பான். அச்சில் இருந்த டிக் குறி அந்தக் கோட்டுக்கு அடியில் இன்னும் தெரிந்தது. புதிய கையேடு இன்னும் அச்சாகி வரவில்லை என்றார். ஓடும் மாடலுக்குக் கையேட்டைத் திருத்தி அச்சிடுவது எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவில்லை. அதைக்கூடச் செய்யாமல் பேனாவால் சமாளிக்கிறார்கள் என்றால், அந்த மாடலுக்கு இனி பணம் செலவிட அவர்கள் விரும்பவில்லை என்றே நான் எடுத்துக்கொண்டேன். நாங்கள் அன்று முன்பணம் கட்டாமல் திரும்பினோம். ஐந்து மாதத்தில் புதிய தலைமுறை அறிவிக்கப்பட்டது.

வண்ணங்களின் எண்ணிக்கையையும் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளை, வெள்ளி, சாம்பல் ஆகிய மூன்றோடு நின்றுவிட்ட பட்டியல் நல்ல அறிகுறி அல்ல. அதேபோல், புதிய எஞ்சினோ புதிய பாதுகாப்பு வசதியோ இல்லாமல் ஸ்டிக்கரும் கருப்பு நிற வீல் கவரும் மட்டும் சேர்த்து வரும் சிறப்புப் பதிப்புகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டத்தில் இவை அடிக்கடி வரும்.

படி 3: குறைப்பின் காரணத்தைப் பிரித்தறியுங்கள்

பட்டியல் சுருங்குவதெல்லாம் புதிய மாடல் வருவதற்கான அடையாளம் ஆகிவிடாது. 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி சுசுகி தன் எல்லாக் கார்களிலிருந்தும் டீசல் எஞ்சினை எடுத்துவிட்டது. அங்கே காரணம் விதிதானே தவிர மாடலின் வயது அல்ல. 2022 அக்டோபரில் சிப் பற்றாக்குறையின்போது டொயோட்டா ஜப்பானில் இரண்டு ஸ்மார்ட் சாவிகளுக்குப் பதிலாக ஒரு ஸ்மார்ட் சாவியும் ஒரு சாதாரணச் சாவியும் கொடுத்தது. அது தட்டுப்பாட்டின் விளைவு.

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு எஞ்சினோ வசதியோ அந்த நிறுவனத்தின் பல மாடல்களிலிருந்து ஒரே நேரத்தில் மறைந்தால், காரணம் விதியாகவோ தட்டுப்பாடாகவோ இருக்கும். ஒரே ஒரு மாடலில் மட்டும், அதுவும் வயதான மாடலில், அடுத்தடுத்து வெவ்வேறு பொருள்கள் மறைந்தால் மாற்று மாடல் தயாராகிறது என்று கொள்ளலாம். இரண்டும் ஒன்றுசேர்வதும் உண்டு. 2011-இல் அறிமுகமான மஹிந்திரா எக்ஸ்யூவி500, 2020-இல் பி.எஸ்.6-க்கு மாறியபோது பெட்ரோல் எஞ்சினையும் நான்கு சக்கர இயக்கத்தையும் இழந்து டீசலோடு மட்டும் வந்தது. இன்னும் சில மாதங்களே விற்கப்போகும் காரின் குறைவாக விற்கும் வகைகளுக்குப் புதிய விதிப்படி மீண்டும் சான்று பெறச் செலவிட யாரும் முன்வர மாட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எக்ஸ்யூவி700 வந்தது.

மாற்று மாடலே வராமல் போன கதையும் இருக்கிறது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டர் 2020-இல் டீசல் எஞ்சினை விட்டது. அதோடு நான்கு சக்கர இயக்கமும் போயிற்று. 2022-இல் விற்பனை நின்றபோது அதன் இடத்துக்கு உடனடியாக எந்தப் புதிய தலைமுறையும் வரவில்லை. ஆகவே குறைப்பைக் கண்டவுடன் புதிய மாடலுக்காகக் காத்திருக்க முடிவெடுக்காமல், நிறுவனத்தின் அதிகாரபூர்வ அறிவிப்போ, மூடுதுணி போர்த்திய சோதனைக் கார்களின் படங்களோ வெளியாகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 4: பழையதும் புதியதும் ஒன்றாக விற்கப்படுமா என்று பாருங்கள்

இந்தியாவில் பல நிறுவனங்கள் பழைய மாடலை நிறுத்தாமல், அதைச் சுருக்கி, புதியதற்குக் கீழே ஒரு படியில் நிறுத்துகின்றன. ஹோண்டா சிட்டி இதற்கு மிகத் தெளிவான பாடம். ஐந்தாம் தலைமுறை 10.90 லட்சம் ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையில் (சாலை வரியும் காப்பீடும் சேராத விலை) தொடங்கியபோது, நான்காம் தலைமுறை எஸ்வி, வி என்ற இரண்டு வேரியண்ட்களில், பெட்ரோல் மேனுவலில் மட்டும், அதைவிடக் குறைந்த விலையில் தொடர்ந்தது. சன்ரூஃப் இருந்த விஎக்ஸ், ஆறு ஏர்பேக் இருந்த இசட்எக்ஸ், சிவிடி ஆட்டோமேட்டிக் எல்லாம் போய்விட்டன. அந்த நிலையிலேயே இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் விற்று, 2023 ஏப்ரலில் பி.எஸ்.6 இரண்டாம் கட்ட விதிகள் வந்தபோது விடைபெற்றது.

2022-இல் ஸ்கார்ப்பியோ-என் வந்த பிறகு பழைய ஸ்கார்ப்பியோ, ஸ்கார்ப்பியோ கிளாசிக் என்ற பெயரில் எஸ், எஸ்11 என்ற இரண்டு வேரியண்ட்களோடும், நான்கு சக்கர இயக்கம் இல்லாமலும் மறு அறிமுகமானது. இன்னோவா ஹைகிராஸ் வந்த பின் இன்னோவா கிரிஸ்டா 2023-இல் பெட்ரோலையும் ஆட்டோமேட்டிக்கையும் விட்டுவிட்டு 2.4 லிட்டர் டீசல் மேனுவலாக மட்டும் திரும்பியது. கிரிஸ்டாவின் விஷயத்தில் இந்தக் குறைப்பு வாங்குபவருக்கு எதிரானது என்று நான் சொல்ல மாட்டேன். மாதம் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் சுற்றுலா வாகனக்காரர் கேட்பது அந்த டீசலையும் அந்த மேனுவலையும்தான். வேலைக்கு வேண்டிய எதுவும் நீக்கப்படவே இல்லை.

படி 5: தள்ளுபடியைச் சரியான காரோடு ஒப்பிடுங்கள்

கடைசிக் கால மாடலுக்குத் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ், இலவச ஆக்சசரி என்று பலவும் தருவார்கள். அந்தத் தொகையைப் பழைய விலையிலிருந்து கழித்துப் பார்த்து மகிழ்வது தவறான கணக்கு. நீக்கப்பட்ட வசதிகளின் மதிப்பை முதலில் அந்தத் தள்ளுபடியிலிருந்து கழியுங்கள். பிறகு மீதித் தள்ளுபடியைக் கழித்து வரும் விலையை, புதிய மாடல் வந்துவிட்டால் அதில் உங்களுக்குப் போதுமான மிகக் கீழ் வேரியண்டின் ஆன்-ரோடு விலையோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்து ஒப்பிடாதீர்கள். சாலை வரியும் காப்பீடும் சேர்ந்தால் இடைவெளி மாறும்.

பாதுகாப்பு மட்டும் இந்தக் கணக்குக்குள் வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆடியோவின் தரம் குறைந்தால் பணத்தால் ஈடுசெய்யலாம். குறைந்த ஏர்பேக்கை எந்தத் தள்ளுபடியும் ஈடுசெய்யாது. ஸ்கார்ப்பியோ-என் 2022-இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2024 நவம்பரில் வந்த புதிய டிசையரும் அதே ஐந்து நட்சத்திரத்தைப் பெற்றது, ஆறு ஏர்பேக்குகள் அதன் எல்லா வேரியண்ட்களிலும் இருக்கின்றன. தலைமுறை மாறும்போது உடற்கூட்டின் வலிமையும் மாறுகிறது என்பதால், ஏர்பேக் எண்ணிக்கையோடு மோதல் சோதனை முடிவையும் பாருங்கள்.

காரைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்கப்போகிறவருக்குக் கடைசிக் கால மாடல் நல்ல தேர்வாக அமையலாம். ஆரம்பகாலக் கோளாறுகள் தீர்ந்திருக்கும், மெக்கானிக்குகளுக்குக் கை பழகியிருக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் விற்றுவிடும் பழக்கம் உள்ளவருக்கு ரீசேல் விலை கையைக் கடிக்கும்.

படி 6: தயாரிப்பு மாதத்தை நீங்களே சரிபாருங்கள்

மாடல் நிறுத்தப்படும் நேரத்தில் டீலரின் கிடங்கில் மாதக்கணக்கில் நின்ற கார்கள் உண்டு. காரின் சேஸி எண் 17 இலக்கங்கள் கொண்டது. பெரும்பாலான நிறுவனங்களில் அதன் பத்தாவது எழுத்து ஆண்டைக் குறிக்கும். 2023-க்கு ‘பி’ (P), 2024-க்கு ‘ஆர்’ (R), 2025-க்கு ‘எஸ்’ (S), 2026-க்கு ‘டி’ (T).

பிறகு குனிந்து டயரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3524 என்றிருந்தால் அந்த டயர் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில், அதாவது ஆகஸ்டு இறுதியில் தயாரானது. கார் அதற்குப் பின்னரே தயாராகியிருக்கும் என்றாலும், கார் போன மாதம் வந்தது என்று சொல்லப்படும்போது டயரின் தேதி ஓராண்டு பழையதாக இருந்தால் கேள்வி கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது. நான்கு டயர்களோடு ஸ்டெப்னியையும் பாருங்கள். சில டயர்களில் இந்த எண் உட்பக்கம் அமைந்துவிடும். கைபேசி விளக்கை அடித்துப் பார்க்கத் தயங்காதீர்கள்.

படி 7: எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்

முன்பதிவுப் படிவத்தில் வேரியண்டின் முழுப் பெயர், வண்ணம், தயாரிப்பு மாதமும் ஆண்டும், தள்ளுபடித் தொகை ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பதிவு செய்த வேரியண்ட் இடையில் நிறுத்தப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். சுருங்கிக்கொண்டிருக்கும் பட்டியலில் இது நடக்கக்கூடியதே. கையேட்டின் வசதிப் பக்கத்தில், உங்கள் வேரியண்டுக்குரிய நெடுவரிசையின் கீழே டீலரின் கையொப்பத்தையும் தேதியையும் கேட்டுப் பெறுங்கள். டெலிவரிக்கு முன், படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் உள்ள தயாரிப்பு மாதமும் ஆண்டும் சேஸி எண்ணோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு மீதித் தொகையைச் செலுத்துங்கள். ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழில் அச்சாவது அந்த விற்பனைச் சான்றிதழில் உள்ள மாதமும் ஆண்டும்தான். நாளை உங்கள் காரை வாங்க வருபவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.