காப்பி முடிந்தது என்று கணினி சொன்ன பிறகும் முடியாத வேலை

பாஸ்வேர்டு, வைரஸ், பேக்கப் பற்றியெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள், இயங்குதளம் உள்ளே என்ன செய்கிறது என்று தெரியாமல் செய்யும் தவறுகள் மட்டும் இங்கே.

ராம் காலியாக இல்லையே என்று பதறுவது

நினைவகக் கணக்கைக் காட்டும் ஃப்ரீ கட்டளையில் பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற நெடுவரிசையை. சும்மா கிடக்கும் ராமில் படித்த கோப்புகளைக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வைத்திருக்கும். இதுதான் கேஷ். நிரலுக்கு இடம் வேண்டுமென்றால் விட்டுக்கொடுத்துவிடும். கேஷைத் துடைக்கும் ஸ்கிரிப்ட் போட்டால் கணினி மெதுவாகத்தான் ஆகும்.

காப்பி முடிந்ததும் பென்டிரைவைப் பிடுங்குவது

எத்தனை முறை சொன்னாலும் தொடர்கிறது. போவதோ திரும்பக் கிடைக்காத கோப்புகள். அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

எழுதச் சொல்லி நிரல் கேட்டதும், கெர்னல் அந்தத் தரவை ராமில் உள்ள பேஜ் கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு 'ஆயிற்று' என்று பதில் சொல்லிவிடுகிறது. இன்னும் டிஸ்க்குக்குப் போகாத நினைவகத் துண்டுகளுக்கு, அதாவது பக்கங்களுக்கு, 'டர்ட்டி' என்று பெயர். வழக்கமான அமைப்பில் 5 விநாடிக்கு ஒருமுறை கெர்னல் விழித்துப் பார்க்கும். 30 விநாடிக்கு மேல் காத்திருப்பவற்றை எழுதும். அவைலபிள் நினைவகத்தில் 10 சதவீதத்தை டர்ட்டி பக்கங்கள் தாண்டினால் அதற்கு முன்பே எழுதத் தொடங்கும்.

கணக்கைப் பாருங்கள். 6 ஜிபி அவைலபிள் என்றால் அந்த எல்லை சுமார் 600 எம்பி. 500 எம்பி வீடியோவை சிபி கட்டளையால் காப்பி செய்தால் சில விநாடிகளில் ப்ராம்ப்ட் (அடுத்த கட்டளைக்கான குறி) வந்துவிடும். விநாடிக்கு 10 எம்பி எழுதும் பென்டிரைவுக்கு அந்த வேலை 50 விநாடி. ப்ராம்ப்ட் வந்ததும் பிடுங்குகிறவர் கையில் இருப்பது பெயர் மட்டும் தெரியும் கோப்பு, அல்லது அதுவும் இல்லை. பென்டிரைவுகளில் வழக்கமான கோப்பு அமைப்புகளான ஃபாட்32, எக்ஸ்ஃபாட் இரண்டிலும் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பாதி எழுதிய நிலையில் அறுந்தால் பழைய கோப்புகளும் சேதமாகலாம்.

'லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பில் ஜர்னல் இருக்கிறதே' என்பார்கள். இயல்புநிலையில் அது கோப்பு அமைப்பின் விவரங்களைத்தான் காக்கிறது. டிஸ்க்குக்கு வந்தே சேராத தரவை எதனாலும் மீட்க முடியாது.

செய்ய வேண்டியது: காத்திருப்பவற்றை எழுதச் சொல்லும் சிங்க் கட்டளை கொடுத்து ப்ராம்ப்ட் திரும்பும்வரை காத்திருங்கள். பிறகு அன்மவுண்ட் (டிரைவைக் கணினியிலிருந்து விடுவிப்பது). 'பிஸி' என்று மறுத்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். வெளியே வந்து மறுபடி கொடுங்கள். பென்டிரைவின் விளக்கு அணைந்ததை நம்பாதீர்கள்.

விண்டோஸ் 10-இல் 1809 பதிப்பிலிருந்து பென்டிரைவுகளுக்கு இந்தக் கேஷ் இயல்பாக அணைந்திருக்கிறது. அங்கே பழகிய கைதான் லினக்ஸிலும் அப்படியே பிடுங்குகிறது.

நிரல் எழுதுகிறவர்களுக்கும் இதே பள்ளம் உண்டு. நிரலின் அமைப்புக் கோப்பை (கான்ஃபிக்) நேரடியாகத் திறந்து மேலெழுதினால், அது முதலில் 0 பைட் ஆகிறது. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் வெறும் கோப்பு. அதே ஃபோல்டரில் தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் செய்து (அந்தக் கோப்பை டிஸ்க்கில் எழுதி முடிக்கவைத்து), பிறகு பழைய கோப்பின் பெயருக்கு மாற்றுங்கள்.

எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்வது

சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் அந்த வேலை வேண்டாம். காலியான இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் ட்ரிம் போதும்.

அனுமதிச் சிக்கலுக்கெல்லாம் 777

777 என்றால் எல்லோருக்கும் எல்லா அனுமதியும். யாருக்கு அனுமதி இல்லை என்று முதலில் பாருங்கள்.

எடுத்ததும் கில் -9

கில் என்பது நிரலை நிறுத்தும் கட்டளை. வெறும் கில் அனுப்புவது 15-ஆம் சிக்னல். கோப்புகளை ஒழுங்காக மூட நிரலுக்கு அவகாசம் கிடைக்கும். 9 அதைத் தராது. 'டி' நிலையில், டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கும் நிரலோ பொதுவாக 9-க்கும் அசையாது.