33-ஆம் பிரிவு செய்திகளில் வந்தால் எப்படிப் படிப்பது

கனடாவின் உரிமைகள் சாசனத்தில் 33-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு; அதிலுள்ள சில உரிமைகளை மீறியும் ஒரு சட்டம் செல்லும் என்று அறிவிக்க அது சட்டமன்றத்துக்கு இடம் தருகிறது. ஒரு மாகாணம் அதைக் கையிலெடுத்துச் சட்டம் போட்டது என்று செய்தி வந்தவுடன் "உரிமைகள் போச்சு" என்று கத்துவதற்கு முன்னால், அந்தச் சட்டத்தின் மூலப் பிரதியைத் தேடி எடுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதில் சாசனத்தின் எந்தெந்தப் பிரிவுகளை மீறி இந்தச் சட்டம் செல்லும் என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 2-ஆம் பிரிவையும் 7 முதல் 15 வரை உள்ளவற்றையும் மட்டுமே இப்படி ஒதுக்கி வைக்க முடியும். வாக்குரிமை, மொழியுரிமை மேல் கை வைக்க முடியாது.

அப்புறம் தேதியைப் பாருங்கள். அந்த வரி 5 ஆண்டுகளில் காலாவதியாகிவிடும், ஆனால் திரும்பப் புதுப்பிக்கலாம். மத அடையாளங்களைத் தடுக்கும் கியூபெக்கின் 2019 சட்டத்துக்கு 2024-இல் அப்படித்தான் செய்தார்கள்.

நீதிமன்றம் தடுக்காதா? 1988-லேயே உச்ச நீதிமன்றம், மீறிச் செல்லும் என்ற அந்த வாசகம் முறையாக எழுதப்பட்டிருந்தால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. எனக்கு இது கொஞ்சம் அதிகமான தாராளமாகத்தான் படுகிறது.

கடைசியாக, தெருவையும் பாருங்கள். 2022 நவம்பரில் ஒன்டாரியோ மாகாணம், இதே 33-ஆம் பிரிவைக் கையிலெடுத்து, பள்ளி ஊழியர்களின் வேலைநிறுத்தத்துக்குத் தடை போட்டு, மீறினால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4,000 டாலர் வரை அபராதம் என்றது. ஊழியர்கள் அதையும் மீறி வெளியே வந்தார்கள், மற்ற தொழிற்சங்கங்களும் கூடவே நிற்க, இரண்டே வாரத்துக்குள் அரசே சட்டத்தை ரத்து செய்தது.