செலியாக் உள்ள வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

"நாம சோறு சாப்பிடுற ஆளுங்கதானே, சப்பாத்தியை நிறுத்திட்டா போதும்." என் மகளுக்குச் செலியாக், அதாவது கோதுமை போன்ற தானியங்கள் குடலைப் பாதிக்கும் நோய், என்று தெரிந்த அன்று வீட்டில் எல்லோரும் சொன்னது இதுதான், நானும் நம்பினேன். சப்பாத்தி, பரோட்டா, பிரெட் எல்லாம் நின்றன. நான்கு மாதம் ஆகியும் வயிற்று உப்புசம் நிற்கவில்லை. சமையலறையில் இருக்கும் அத்தனை பாக்கெட்டுகளையும் பின்பக்கம் திருப்பிப் படம் எடுத்துவரச் சொன்னார் உணவு ஆலோசகர். பெருங்காய டப்பாவில் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது.

கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினின் காரத்தைத் தணிக்க கோந்தும் மாவும் சேர்ப்பார்கள், அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமையோ மைதாவோதான். சாம்பார், ரசம், இட்லிப் பொடி, ஊறுகாய் என்று நாங்கள் மூன்று வேளையும் அதைத்தான் அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

'ஒரு சிட்டிகைதானே' என்று தோன்றும். ஆனால் கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், செலியாக் உள்ளவரின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற அமைப்புகள் தேய்ந்து போகின்றன. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம் குளூட்டன், அதற்கு மேல் இருந்தால் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட நம் நாட்டு விதி அனுமதிப்பதில்லை. அவ்வளவு சிறிய அளவு இது.

அடுத்தது மாவு மில். கேழ்வரகைக் கழுவி, மாடியில் காயவைத்து, நானே எடுத்துப்போய் அரைத்து வந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் அரைத்தது கோதுமை. இயந்திரத்தின் இடுக்கிலும் துணிக் குழாயிலும் தங்கிய மாவு, அடுத்து வருபவரின் தூக்கில்தான் விழும். இப்போது வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கிறேன். சலிக்க அவளுக்கென்று தனிச் சல்லடை. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிப்பதில்லை.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. ரவை, சேமியா, மைதா எல்லாமே கோதுமை. சம்பா கோதுமை பாரம்பரிய ரகம், அதனால் ஒன்றும் செய்யாது என்று சொல்வார்கள். அதிலும் குளூட்டன் இருக்கிறது. ராகி சேமியா பாக்கெட்டில் கோதுமை மாவும் கலந்திருக்கலாம். மால்ட் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பார்லி. பலர் தரும் சத்துமாவில் கோதுமையும் பார்லியும் சேர்ந்திருக்கும். சோயா சாஸையும் பாருங்கள்.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: சந்தேகம் வந்ததும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் பயாப்சியும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் நோயைக் காட்டும். நிறுத்திய பிறகு போனால் 'ஒன்றுமில்லை' என்று வந்துவிடலாம். அப்புறம் நோயை உறுதிசெய்வதற்காகவே பல வாரங்கள் கோதுமை சாப்பிடச் சொல்வார்கள். தெற்கில் இந்த நோய் வடக்கைவிடக் குறைவு என்பதால், சோகையும் எடைக்குறைவும் இருந்தாலும் இது யாருக்கும் சட்டென நினைவுக்கு வராது. நீங்களே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

விசேஷ வீடுகள்தான் எனக்கு இன்னும் கஷ்டம். "ஒரு வாய் கேசரி சாப்பிட்டா குழந்தைக்கு என்ன ஆயிடும்?" என்று பெரியவர்கள் பாசத்தோடுதான் கேட்கிறார்கள். சில சமயம் உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. வலி இல்லாமலும் குடல் புண்ணாகும். இரும்புச்சத்து குறையும், எலும்பு பலவீனமாகும். இப்போது அத்தையிடம் முதல் நாளே போனில் சொல்லிவிடுகிறேன், கையில் டப்பாவில் சாதமும் எடுத்துப் போகிறேன். ஹோட்டலில் சாதா தோசை கேட்டாலும், அதே கல்லில் ரவா தோசை வார்க்கிறார்களா என்று பார்க்கிறேன்.

குளூட்டன் ஃப்ரீ பிஸ்கட்டுகளை வாங்கிக் குவித்ததும் நான் செய்த தவறு. பலவற்றில் நார்ச்சத்து குறைவு, சர்க்கரை அதிகம். இட்லி, இடியாப்பம், புட்டு, பச்சைப்பயறு, கீரை, முட்டை இருக்கும்போது அவை எதற்கு?

கூடப் பிறந்தவர்களையும் பெற்றோரையும் சோதித்துப் பார்க்கச் சொன்னபோது நான் தள்ளிப்போட்டேன், என் மகன் நன்றாகத்தான் ஓடியாடிக்கொண்டிருந்தான். ஒரு வருடம் கழித்துத்தான் ரத்தம் கொடுத்தோம். அவனுக்கு இப்போதைக்கு இல்லை. பிற்பாடு வரவும் வாய்ப்பிருப்பதால் சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.